ஒரு பக்கம் மட்டுமே வாழும் செய்தி: இணையச் செயலிகளில் பயனருக்கான அறிவிப்புகள்

ஐதராபாத்தின் சனத்நகர்ப் பகுதியில் இரண்டு பணியுலகங்கள் அருகருகே இயங்குகின்றன. ஒன்று, பழைய தொழிற்பேட்டையும், தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்க்கும் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் சேர்ந்த உலகம். மற்றொன்று, சனத்நகர் சட்டமன்றத் தொகுதிக்குள் அடங்கும் அமீர்பேட்டையில் ஜாவா, டாட் நெட், பைத்தான் என்று பலகை மாட்டி இளைஞர்களுக்கு மென்பொருள் கற்பிக்கும் பயிற்சி நிலையங்களின் உலகம். முன்னது இணையத்தில் படிவங்களை நிரப்புகிறது, பின்னது அத்தகைய படிவங்களை எழுதக் கற்கிறது. பட்டறையின் கணக்கர் சமர்ப்பி என்னும் பொத்தானை அழுத்தியதும் திரையின் மேற்பகுதியில் பச்சை அல்லது சிவப்புப் பட்டையில் தோன்றும் ஒற்றை வரிதான் இவ்விரு உலகங்களும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம். பயிற்சி வகுப்புகளின் மாதிரிச் செயலிகளில் இவ்வரி பெரும்பாலும் கடைசியில், ஓர் அலங்காரம் போல ஒட்டப்படுகிறது. உண்மையில் அது நிகழ்ந்து முடிந்த ஒரு செயலைப் பற்றிச் செயலி அளிக்கும் வாக்குமூலம்; எங்கே எழுதப்படுகிறது, எவ்வளவு நேரம் காக்கப்படுகிறது, யாருக்குக் காட்டப்படுகிறது என்பவற்றைப் பொறுத்தே அது மெய்யாகவோ பொய்யாகவோ ஆகிறது.

சிக்கலின் வேர் இணையத்தின் அடிப்படை நெறிமுறையில் இருக்கிறது. உலாவிக்கும் சேவையகத்துக்கும் இடையே பேசப்படும் எச்.டி.டி.பி. நெறிமுறை நினைவற்றது, ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புதியது, முந்தைய கோரிக்கையில் என்ன நடந்தது என்பது அடுத்ததற்குத் தெரியாது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுல்லி உருவாக்கிய குக்கி என்னும் சிறு தரவுத்துண்டு, உலாவி ஒவ்வொரு முறையும் தன்னோடு எடுத்து வரும் அடையாளச் சீட்டாக அமைந்து இந்த நினைவின்மைக்கு ஓரளவு ஈடு செய்தது. அச்சீட்டைக் கொண்டு சேவையகம் ஒருவரது தொடர்ச்சியான வருகைகளை ஒன்றாகக் கோத்து வைப்பதை அமர்வு என்பர்.

படிவத்தைப் பெற்ற சேவையகம், சேமித்துவிட்டு அதே மறுமொழியில் நன்றி சொல்லும் பக்கத்தை அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். தொடக்கக்காலச் செயலிகள் அப்படித்தான் செய்தன. ஆனால் பயனர் அப்பக்கத்தைப் புதுப்பித்தால் உலாவி பழைய படிவத்தையே மீண்டும் அனுப்ப முயலும். ஒரு கட்டணம் இரு கட்டணமாகும், ஒரு விண்ணப்பம் இரு விண்ணப்பமாகும். இதற்கு மாற்றாகப் படிவத்தைப் பெற்றதும் பக்கத்தை அனுப்பாமல் வேறு முகவரிக்குப் போ என்று மட்டும் சேவையகம் சொல்ல, உலாவி அம்முகவரியைப் புதிதாகக் கேட்டுப் பெறும் முறை தோன்றியது. 1997 ஜனவரியில் வெளிவந்த எச்.டி.டி.பி. 1.1 வரையறை இதற்கென்றே 303 என்னும் மறுமொழிக் குறியீட்டைத் தந்தது. 2004இல் மைக்கேல் ஜூராவ்லெவ் எழுதிய கட்டுரைக்குப் பின் இம்முறை செயலி எழுதுவோரிடையே பரவலாகப் பெயர் பெற்றது. இரட்டைப் பதிவு நீங்கிய அதே வேளையில் புதிய இடர்ப்பாடு ஒன்று பிறந்தது. செயலைச் செய்தது முதல் கோரிக்கை, முடிவை அறிவிக்க வேண்டியதோ இரண்டாவது கோரிக்கை. நினைவற்ற நெறிமுறையில் முன்னது அறிந்ததைப் பின்னதற்கு யார் கடத்துவது என்னும் கேள்விக்கு விடையாக வந்ததே ஃபிளாஷ் செய்தி.

இப்பெயரைப் பரவலாக்கிய சட்டகம், டேவிட் ஹைன்மெயர் ஹான்சன் 2004இல் வெளியிட்ட ரூபி ஆன் ரெயில்ஸ். சட்டகம் என்பது செயலிக்குத் தேவையான பொதுப்பணிகளை முன்கூட்டியே எழுதிவைத்து, செயலியின் தனித்தன்மையை மட்டும் எழுதுவோர் கையில் விடும் நிரல்தொகுப்பு. ரெயில்ஸ் ஃபிளாஷ் செய்தியை அமர்வில் இட்டு, அடுத்த கோரிக்கை வரை வைத்திருந்து, பின் தானே துடைத்துவிடுகிறது. நடப்புப் பக்கத்திலேயே காட்டி முடிக்க வேண்டியவற்றுக்கு ஒரு வழியும், இன்னும் ஒரு கோரிக்கைக்கு நீட்டிக்க மற்றொரு வழியும் அதில் உண்டு. 2011இல் வந்த லாரவெல் ஏறத்தாழ இதே கணக்கைப் பின்பற்றுகிறது. இரண்டிலும் செய்தியின் ஆயுள் அளக்கப்படுவது கோரிக்கைகளின் எண்ணிக்கையால், பார்க்கப்பட்டதா என்பதால் அன்று. எனவே படிவத்துக்கும் முடிவுப் பக்கத்துக்கும் நடுவே, அறிவிப்பு மணியின் எண்ணைப் புதுப்பிக்கப் பின்னணியில் ஓடும் கோரிக்கை போன்ற ஏதேனும் ஒன்று அமர்வைத் தொட்டுவிட்டால், செய்தி எவர் கண்ணிலும் படாமலே காலாவதியாகக்கூடும். சோதனையில் தோன்றி நடைமுறையில் மறையும் இவ்வகைப் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம். கோரிக்கைகளின் வரிசை வலையின் வேகத்துக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும்.

பைத்தான் மொழியின் ஜாங்கோ சட்டகம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. அதன் பழைய பதிப்புகள் செய்திகளைப் பயனர் பெயரில் தரவுத்தளத்திலேயே எழுதின. அதனால் உள்நுழையாத ஒருவருக்கு எதையும் சொல்ல வழியில்லை, ஒவ்வொரு நன்றி வரிக்கும் ஒரு தரவுத்தளப் பதிவு வீணாயிற்று. 2010 மே மாதம் வெளியான 1.2 பதிப்பு இதைக் கைவிட்டுப் புதிய செய்தி அமைப்பைக் கொணர்ந்தது: செய்தி முதலில் குக்கியில் எழுதப்படும், அங்கே இடம் போதாவிட்டால் அமர்வுக்குப் போகும், ஏதேனும் ஒரு பக்கம் அதைப் படித்த பின்னரே அழியும். பார்வைக்கு வராமல் செய்தி சாகக்கூடாது என்பதே இதன் கொள்கை. ஆனால் இக்கொள்கைக்கும் விலையுண்டு. செய்திகளைக் காட்டும் பகுதி இல்லாத பக்கங்கள் வழியே பயனர் தொடர்ந்து உலவினால் அவை அடுக்கடுக்காகத் தேங்கி, தொடர்பற்ற ஒரு பக்கத்தில் ஒருசேரக் கொட்டும். இரு தத்தல்களைத் திறந்து வேலை செய்பவருக்கு ஒன்றில் செய்த செயலின் முடிவு மற்றொன்றில் தோன்றும். செய்தி பயனருக்கு உரியதாக இருக்கிறதே தவிர, அது எந்தச் செயலைப் பற்றியதோ அச்செயலுக்கு உரியதாக இல்லை. ஒரு சம்பளப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு மற்றொன்றைத் திருத்தும் கணக்கருக்கு, எந்தப் பட்டியல் என்று சொல்லாத வெறும் ‘சேமிக்கப்பட்டது’ தவறான பட்டியலின் தலையில் தோன்றுவது, செய்தியே இல்லாததைவிட மோசம். செய்திக்குள் செயலின் அடையாளத்தை, அதாவது மாதத்தையோ பட்டியல் எண்ணையோ ஆளின் பெயரையோ சேர்ப்பதே இதற்கு எளிய காப்பு. பொதுவாகச் சட்டகங்கள் இதைத் தானாகச் செய்வதில்லை.

ஃபிளாஸ்க் போன்ற சிறு சட்டகங்களில் அமர்வு முழுவதுமே, கையொப்பமிடப்பட்ட ஒரு குக்கியாக உலாவியில் இருக்கிறது. உலாவிகள் ஒரு குக்கிக்கு ஏறக்குறைய 4096 பைட் இடம்தான் தருகின்றன. அதை மீறினால் குக்கி ஏற்கப்படுவதில்லை, ஃபிளாஷ் செய்தி ஓசையின்றித் தொலைகிறது, பிழையும் காட்டப்படுவதில்லை. ஜாங்கோ தன் குக்கிக்கு 2048 பைட் என்று இன்னும் இறுக்கமான எல்லை வகுத்துக்கொண்டு, மிஞ்சியதை அமர்வுக்குத் தள்ளுகிறது. ஆங்கிலத்தில் எழுதுவோர் இவ்வெல்லைகளை அரிதாகவே உணர்வர். தமிழும் தெலுங்கும் யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் எடுத்துக்கொள்கின்றன. ‘கு’ போன்ற உயிர்மெய் இரண்டு குறியீடுகளால் ஆவதால் அந்த ஓரெழுத்துக்கே 6 பைட் ஆகிறது. 2048 பைட்டில் 682 குறியீடுகளுக்கு மேல் அடங்காது. குக்கிக்குள் வைப்பதற்காக மேலும் ஒரு குறியேற்றம் நடந்தால் அதுவும் குறையும். படிவத்தின் பிழைகள் ஒவ்வொன்றையும் தனித்தனிச் செய்தியாக்கி அடுக்கும் பழக்கமுள்ள ஒரு செயலி, ஆங்கிலத்தில் பிழையின்றி ஓடிவிட்டுத் தமிழுக்கோ தெலுங்குக்கோ மாற்றப்பட்டதும் சில வேளைகளில் மௌனமாகிவிடுவதற்கு இது போதுமான காரணம். செய்தியின் முழு வாசகத்தை விட்டுவிட்டு ஒரு சிறு குறியீட்டை மட்டும் கடத்தி, காட்டும் இடத்தில் வாசகமாக விரிப்பது இதற்குரிய தீர்வு.

செய்திகளைத் தரம்பிரிக்கும் முறையிலும் கவனிக்கத்தக்க வரலாறு ஒன்று உண்டு. ஜாங்கோவின் தரநிலைகள் பைத்தானின் பதிவேட்டு முறையைத் தழுவியவை: பிழைத்திருத்தத்துக்கு 10, தகவலுக்கு 20, எச்சரிக்கைக்கு 30, பிழைக்கு 40. பதிவேடு சேவையகத்தைப் பராமரிப்பவருக்கானது என்பதால் அங்கே வெற்றி என்றொரு நிலையே இல்லை. எல்லாம் சரியாக நடப்பது அவருக்குச் செய்தி ஆகாது. பயனருக்கோ அதுவே முதன்மையான செய்தி. ஆகவே 20க்கும் 30க்கும் நடுவே 25 என்று வெற்றி செருகப்பட்டது. இயந்திரத்தின் நோக்கிலிருந்து மனிதரின் நோக்குக்கு மாறும்போது ஏற்படும் பிளவு இவ்வெண்ணில் பதிந்துள்ளது. கணினி அறிவியலாளர் பென் ஷ்னைடர்மன் 1982லேயே கணினிச் செய்திகளின் நடையை ஆராய்ந்து, பயனரைக் குற்றவாளியாக்கும் சொற்களைத் தவிர்த்து, என்ன தவறியது, எப்படித் திருத்துவது என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும் என வலியுறுத்தினார். ‘தவறான உள்ளீடு’ என்று மட்டும் சொல்லி நிறுத்தும் படிவங்கள் இன்றும் எழுதப்படுகின்றன.

மொழிபெயர்ப்பில் வேறொரு முடிச்சு விழுகிறது. சட்டகங்கள் செய்தியை ஒரு நிலையான வாக்கியமாகவும் நடுவே நிரப்ப வேண்டிய வெற்றிடமாகவும் அமைக்கின்றன. ‘இன்னது சேர்க்கப்பட்டது’ என்ற வாக்கியத்தின் வெற்றிடத்தில் ஓர் இயந்திரத்தின் பெயர் வந்தால் பழுதில்லை; ஒரு தொழிலாளியின் பெயர் வந்தால் அவர் அஃறிணையாகிவிடுகிறார். திணையையும் மரியாதையையும் வினைமுற்றில் காட்டும் மொழிக்கு இவ்வமைப்பு இடம் கொடுப்பதில்லை. இரண்டாம் வேற்றுமை உருபைச் சேர்க்கப்போனால் புணர்ச்சியும் கெடும். அனுபவமுள்ளோர் வெற்றிடத்துக்குப் பின் ‘என்பவரது பதிவு’ போன்ற ஒரு தொடரை நிறுத்தி, வினை அப்பதிவைக் கொண்டு முடியுமாறு எழுதுகின்றனர். போகிற போக்கில் ஒன்று: ஆங்கில வார்ப்பிலிருந்து அப்படியே இறங்கிய ‘வெற்றிகரமாக’ என்னும் அடையை நீக்கிவிட்டால் பெரும்பாலான தமிழ் அறிவிப்புகள் பொருள் குறையாமல் சீர்படும்.

இதுவரை கூறியவை யாவும் செய்தி எப்படிக் கடத்தப்படுகிறது என்பதைப் பற்றியவை. அது எதற்குப் பதிலாக வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்; ஐதராபாத்தின் அண்மை வரலாறு அதற்கு நல்ல சான்று. 1999 டிசம்பரில் பஞ்சாரா ஹில்ஸில் முன்னோட்டமாகத் தொடங்கி 2001இல் ஈ-சேவா என்ற பெயரில் இரட்டை நகரங்களில் விரிந்த சேவை மையங்களில், மின்கட்டணமும் சொத்துவரியும் ஒரே சாளரத்தில் செலுத்தப்பட்டன. கணினியை இயக்கியவர் மேசைக்கு அப்பால் அமர்ந்த ஊழியர். திரையில் என்ன தோன்றியது என்பது குடிமக்களுக்குத் தேவைப்படவில்லை, அவர்கள் கையில் அச்சிட்ட ரசீது இருந்தது. 2011இல் மீசேவா வந்து, பின்னர் கைப்பேசியிலேயே பல பணிகள் முடியும் நிலை ஏற்பட்டபோது, அப்பணிகளுக்கு மேசையும் ஊழியரும் தேவைப்படவில்லை. ரசீது நின்ற இடத்தில் பல செயலிகளில் நின்றது ஒரு ஃபிளாஷ் செய்தி. ரசீது பெட்டியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், ஃபிளாஷ் செய்தி ஒரு பக்கத்தோடு முடியும். ஒருமுறை காட்டி அழிக்கவென்றே வடிவமைக்கப்பட்ட ஒன்றைச் சான்றாகப் பயன்படுத்தியதுதான் இத்துறையின் பெரும்பிழை. மக்கள் அதைத் தாமாகவே திருத்திக்கொண்டார்கள்: பணம் கட்டியதும் திரையைப் படமெடுத்து வைப்பது இந்நாட்டில் அனிச்சைச் செயலாகிவிட்டது.

சனத்நகர்த் தொழிற்பேட்டையின் சிறு நிறுவனம் ஒன்று இ.எஸ்.ஐ. பங்களிப்பைச் செலுத்துவதை எடுத்துக்கொள்ளலாம். 2019 ஜூலை முதல் ஊதியத்தில் தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு, நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு; மாதப் பங்களிப்பை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். இத்தகைய கடைசி நாள் மாலையில் கணக்கர் பொத்தானை அழுத்துகிறார், கோரிக்கை சேவையகத்தை அடைகிறது, பதிவும் நடக்கிறது, மறுமொழி திரும்பி வருமுன் இணைப்பு அறுகிறது என்று கொண்டால், செயல் நடந்துவிட்டது, செய்தி மட்டும் வரவில்லை. வேறு முகவரிக்குத் திசைதிருப்பும் முறை மறுமொழி வந்த பின்னரே காப்பாற்றும். வராத மறுமொழிக்கு அதனிடம் மருந்தில்லை. படிவம் காட்டப்படும்போதே அதனுள் ஒரு தனித்த எண்ணைப் பொதித்து, அதே எண்ணோடு மறுபடி வரும் கோரிக்கைக்குப் புதிய செயல் எதையும் செய்யாமல் முதற்செயலின் முடிவையே சேவையகம் திருப்பிச் சொல்வதுதான் இதற்குரிய வழி. இந்த ஏற்பாட்டைச் செய்யாத செயலிகளே பணம் செலுத்தும் பக்கங்களில் ‘பின்செல்ல வேண்டாம், பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டாம்’ என்று கெஞ்சுகின்றன. அது பயனருக்கு விடுக்கும் எச்சரிக்கை போலத் தோன்றினாலும், தன் கணக்கைத் தானே காக்க இயலாத ஒரு செயலியின் ஒப்புதலாகவே அதைக் கொள்ள வேண்டும்.

வெற்றி, தோல்வி என்ற இரண்டே நிலைகள் உண்டு என்று எண்ணுவதும் இங்கே பொருந்தாது. 2016 ஏப்ரலில் அறிமுகமான யுபிஐ பணப்பரிமாற்றம், நிலுவை என்னும் மூன்றாம் நிலையைக் கோடிக்கணக்கானோருக்குப் பழக்கப்படுத்தியது: ஒரு வங்கியில் பணம் கழிந்துவிட்டது, மறுமுனையின் உறுதி இன்னும் வரவில்லை. இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இந்த இடைநிலைக்கே விதி வகுத்தது. தனிநபர்களிடையேயான யுபிஐ பரிமாற்றத்தில் பெறுநர் கணக்கில் பணம் சேராவிட்டால் மறுநாளுக்குள்ளும், வணிகரிடம் உறுதிச் செய்தி சேராத பரிமாற்றத்தில் 5 நாட்களுக்குள்ளும் பணம் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. உறுதிச் செய்தி சென்று சேராமை தொழில்நுட்பக் குறையாக மட்டும் நில்லாமல் பணத்தால் ஈடுசெய்ய வேண்டிய தவறாக அங்கீகரிக்கப்பட்டது இங்கேதான். சட்டகங்களின் நிறத் தட்டில் இந்த மூன்றாம் நிலைக்கு இன்றளவும் உரிய இடமில்லை. அதை எச்சரிக்கையின் மஞ்சளில் போர்த்துகின்றனர் பலர், அறிவிலாத் துணிவோடு வெற்றியின் பச்சையில் போர்த்துவோரும் உளர். நிலுவையைப் பொறுத்தவரை ஃபிளாஷ் செய்தி பொருத்தமான கருவியே அன்று. நிலை மாறும்போது தானும் மாறும் ஒரு நிலைத்த பக்கமும், அதன் பார்வை எண்ணும், குறுஞ்செய்தியும் தேவை. அக்குறுஞ்செய்தியின் வாசகமோ இந்தியத் தொலைத்தொடர்பு விதிகளின்படி முன்கூட்டியே பதிவு செய்த வார்ப்புருவோடு ஒத்திருக்க வேண்டும். திரையில் ஒன்றும் கைப்பேசியில் வேறொன்றுமாகச் சொற்கள் மாறிப் பயனர் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பயனர் தந்த பெயரையோ குறிப்பையோ செய்திக்குள் சேர்க்கும்போது அதில் ஒளிந்திருக்கும் நிரல் ஓடாதவாறு சட்டகத்தின் வார்ப்புரு அதைச் செயலிழக்கச் செய்கிறது. செய்தியில் தடித்த எழுத்து வேண்டும் என்பதற்காக இந்தக் காப்பை அணைப்பவர்கள் வாசலைத் திறந்து வைப்பவர்கள். செய்தியின் வாசகத்தை முகவரிப் பட்டையில் வைத்துக் கடத்துவதும் கேடு: உங்கள் கணக்கு முடங்கியது, இந்த எண்ணை அழையுங்கள் என்று யார் வேண்டுமானாலும் ஓர் இணைப்பைத் தயாரித்து, நம்பகமான தளத்தின் பெயரிலேயே அதைக் காட்டச் செய்யலாம். உள்நுழைவில் பெயர் தவறா கடவுச்சொல் தவறா என்று பிரித்துச் சொல்லாமைக்கும் இத்தகைய முன்னெச்சரிக்கையே காரணம். தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற பொதுவிதிக்கு இது விலக்கு.

கண்ணால் காணாதோருக்குச் செய்தி எப்படிச் சேர்கிறது என்பது நீண்ட காலம் கேட்கப்படாத கேள்வி. 2014 மார்ச்சில் நிறைவு பெற்ற வெய்-ஏரியா தரம், திரைவாசிப்பான் என்னும் ஒலிமென்பொருள் ஒரு பகுதியின் மாற்றத்தைத் தானே படிக்குமாறு குறிக்க வழி தந்தது. நிலையறிவிப்பு என்று குறித்தால் நடப்பு வாக்கியம் முடிந்தபின் படிக்கும், எச்சரிக்கை என்று குறித்தால் இடைமறித்துப் படிக்கும். 2018 ஜூனில் வெளிவந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 வழிகாட்டி, நிலைச் செய்திகளுக்கெனத் தனி நெறியையே வகுத்தது. ஆயினும் மரபான ஃபிளாஷ் செய்திக்கு இதில் ஒரு பொறி உண்டு. இக்குறிப்புகள் ஏற்கெனவே திறந்திருக்கும் பக்கத்தில் ஏற்படும் மாற்றத்தையே கவனிக்கின்றன. ஃபிளாஷ் செய்தியோ புதிய பக்கத்தோடு கூடவே பிறந்து வருவதால் மாற்றமாகக் கருதப்படாமல் போகக்கூடும். எச்சரிக்கைக் குறியிட்டுவிட்டோம் என்று நிறைவடையும் செயலி எழுதுபவர் அறியாமலே, திரைவாசிப்பான் பக்கத்தின் தலைப்பிலிருந்து பட்டியல்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போகும். பிரித்தானிய அரசின் வடிவமைப்புத் தொகுதி, பிழையிருந்தால் பக்கத் தலைப்பின் தொடக்கத்திலேயே அதைச் சொல்லவும், குவியத்தை அறிவிப்புப் பெட்டிக்கு நகர்த்தவும் பரிந்துரைப்பது இதனால்தான். மாற்றுத்திறனாளிகளின் உரிமையை 2016இன் சட்டம் உறுதிசெய்துள்ள இந்தியாவில் இப்பழக்கம் வகுப்பறைப் பாடமாக வேண்டும்.

சில நொடிகளில் தானே மறையும் டோஸ்ட் என்னும் மிதக்கும் அறிவிப்பு, ஆண்ட்ராய்டு வழியே பரவி இணையச் செயலிகளுக்கும் வந்தது. அதன் குறுகிய காலஅளவு 2 நொடி, நீண்டது 3.5 நொடி. முகவரியை நகலெடுத்தாயிற்று என்பது போன்ற சிறு செயலுக்கு இது போதும். பிழைச் செய்திக்கு இது உதவாது: இரண்டாம் மொழியில் மெதுவாகப் படிப்பவரும், எழுத்தைப் பெரிதாக்கித் திரையின் ஒரு மூலையை மட்டும் பார்ப்பவரும் அதைத் தவறவிடுவர், மறைந்த பிழையைத் திரும்ப வரவழைக்கவும் முடியாது.

ரியாக்ட், வியூ போன்ற கருவிகளால் பக்கமே மாறாமல் உலாவிக்குள் இயங்கும் செயலிகள் பெருகியபின், இரு கோரிக்கைகளுக்கிடையே செய்தியைக் கடத்தும் பழைய சிக்கல் பெருமளவு மறைந்தது. செய்தி உலாவியின் நினைவிலேயே இருக்கிறது. இன்று அமீர்பேட்டை வகுப்புகளில் ஃபுல் ஸ்டாக் என்று கற்பிக்கப்படுவது பெரும்பாலும் இவ்வகையே. சட்டகம் தானாகச் செய்துவந்ததை இப்போது எழுதுவோரே செய்ய வேண்டியிருப்பதால் ஒவ்வொரு செயலியும் தனக்கென ஓர் அறிவிப்பு முறையைப் புதிதாகக் கண்டுபிடிக்கிறது. சேவையகம் பதில் சொல்லும் முன்பே செயல் முடிந்துவிட்டதாகக் காட்டி, பிறகு தோற்றால் திரும்பப் பெறும் முன்னூகக் காட்சி முறையும் இங்கே பரவியுள்ளது. ஒரு படத்துக்கு விருப்பம் தெரிவிப்பதில் இதனால் இழப்பில்லை. பங்களிப்புத் தொகையிலும் மருத்துவமனை முன்பதிவிலும் இதைக் கையாளும் செயலி, தான் அறியாத ஒன்றை அறிந்ததாகச் சொல்கிறது. வலைத்தொடர்பு மெலிந்த நேரத்தில் கணக்கர் பச்சைப் பட்டையைப் பார்த்துவிட்டு உலாவியை மூடிய பிறகு, அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற எவருக்கும் வழியில்லை.